பழுதும் பங்கும்

அரபு மொழியிலே ‘ஸலஹ’ என்றொரு வேர்ச்சொல் உண்டு. பழுதின்றி நன்னிலையில் இருத்தல் என்பது அதன் பொருள். அவ்வேரிலிருந்து கிளைத்தவையே ‘இஸ்லாஹ்’ என்னும் சீர்திருத்தமும், ‘ஸுல்ஹ்’ என்னும் சமாதானமும், ‘மஸ்லஹத்’ என்னும் நலனும், ‘ஸாலிஹ்’ என்னும் நல்லடியாரும். கெட்டுப்போன பொருளைச் செப்பனிடுவதும், பிணங்கி நிற்கும் இருவரை இணங்க வைப்பதும், கோணிய உள்ளத்தை நேராக்குவதும் அம்மொழியில் ஒரே குடும்பத்துச் சொற்களால் சொல்லப்படும். மாணவர்களுக்கு இக்கிளைகளை எத்தனையோ ஆண்டுகளாக நாம் பாடம் சொல்லி வருகிறோம். ஆயினும் அவை யாவும் ஒரே மரத்தவை என்பதை நமக்கு உள்ளபடி உணர்த்தியது ஏட்டுப் பாடமன்று. சேத்தூரில், ஒரு மாட்டுத்தொழுவத்தின் மூலையில், தென்னை மட்டைகளுக்கும் உரச் சாக்குகளுக்கும் இடையே துருவேறி நின்ற பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றே அதனை உணர்த்திற்று.

இராசபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ள ஊர் சேத்தூர். முன்னாளில் ஜமீன் இருந்த ஊர். அவ்வூரில் தேங்காய் வணிகம் செய்து வந்த, நம்மினும் மூத்தவரான அன்பர் ஒருவர், 1979ஆம் ஆண்டில் கைமாறிய புல்லட் ஒன்றை வாங்கினார். அது 1968ஆம் ஆண்டுத் தயாரிப்பு. நாம் அப்போது சிறுவர். தோப்புக்கும் சந்தைக்கும் அவர் அதிலேயே போய் வந்தார். வெள்ளிக்கிழமைகளில் நடக்கமாட்டாத முதியவர் ஒருவரையேனும் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் ஜும்ஆவுக்கு வருவார். வண்டி கண்ணில் படுமுன்பே அதன் ஓசை தெருமுனையில் கேட்கும்.

அவ்வண்டியைக் கிளப்புவதே ஒரு பயிற்சி. சாவியைத் திருப்பி, ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தவேண்டும். பிறகு டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது தள்ளி, அதை விட்டுவிட்டு, ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். முறை தவறி அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். அன்பர் ‘பிஸ்மி’ சொல்லி ஒரே மிதியில் கிளப்புவதைச் சிறுவர்களாகிய நாம் சுற்றி நின்று பார்ப்போம். பிற்காலத்தில் அவருக்கு முழங்கால் வலி கண்டது. வண்டி தொழுவத்துக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் அவரும் வஃபாத்தானார். வல்ல நாயன் அவருடைய மண்ணறையை ஒளியுள்ளதாக ஆக்குவானாக!

அவருடைய மக்கள் இருவரும் நம்மிடம் மக்தபில் ஓதியவர்கள். மூத்தவர் இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். இளையவர் கோயம்புத்தூரில் ஓர் இயந்திரப் பட்டறையில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் இருவரும் நம்மைத் தேடி வந்தனர். வந்த முகங்களில் பிணக்கின் சாயல் இருந்தது.

“ஹஜ்ரத், அத்தாவோட வண்டியை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சரிபண்ணப் போறோம். ஆனா எப்படிச் சரிபண்றதுன்னுதான் ஒத்து வரல. நீங்க ஒரு முடிவு சொல்லுங்க” என்றார் மூத்தவர்.

1968இல் தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்ததோ அப்படியே, ஓர் ஆணி கூட மாறாமல் அதை ஆக்கவேண்டும் என்பது அவர் கட்சி. இளையவரின் கட்சி வேறு. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், 6 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் மின்னமைப்பு, அகன்ற ஹாண்டில்பார், வெட்டிக் குறைத்த மட்கார்டு, ஒற்றை சீட்டு, உரத்து முழங்கும் சைலன்சர் என்று ஒரு படமே வரைந்து கொண்டுவந்திருந்தார். “அத்தா வண்டி அத்தா வண்டியாவே இருக்கணும்” என்றார் அண்ணன். “அத்தா வண்டி ஓடணும் ஹஜ்ரத், பொம்மையா நிக்கக் கூடாது” என்றார் தம்பி. இருவர் சொல்லிலும் பாசம் இருந்தது. இருவர் சொல்லிலும் அத்தாவின் பெயரே இருந்தது. ஆகவே நாம் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: அத்தாவின் வண்டி என்பது எது?

புல்லட்டின் வரலாறே இக்கேள்விக்கு எளிதில் விடை தருவதாயில்லை. ‘ராயல் என்ஃபீல்டு’ இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த வண்டி. 1955ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. சென்னைத் திருவொற்றியூர் ஆலையில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970ஐ ஒட்டி இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்டது. 1977இல் திருவொற்றியூரிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. தாய் மறைந்த வீட்டுக்குப் பிள்ளை திரும்பிப் போனது போன்ற கதை இது. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் விடைபெற்றது. ஊர் மாறிற்று, உடைமையாளர் மாறினர், எஞ்சின் மாறிற்று. பெயர் மட்டும் புல்லட்தான்.

தொழுவத்தில் நின்ற வண்டியும் அவ்வாறே. எழுபது மில்லிமீட்டர் போர், தொண்ணூறு மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்பது 350 புல்லட்டின் ஆலைக் கணக்கு. அன்பரோ சிலிண்டரை இருமுறை போர் அடித்து, ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டிருந்தார். அமல் கார்புரேட்டர் தேய்ந்துபோக, மிக்கார்ப் பூட்டியிருந்தார். தேங்காய் மூட்டைக்கென இராசபாளையத்து வெல்டிங் பட்டறையில் ஒரு கேரியர் செய்து வைத்திருந்தார். டாங்கின் மேல் ஆலையிலே கையால் இழுக்கப்பட்ட பொன்கோடுகள் மறைந்து, உள்ளூர்ப் பெயிண்டர் இழுத்த கோடுகள் இருந்தன. நாம் மூத்தவரை நோக்கி, “தம்பி, 1968இல் இருந்தபடி என்கிறீர். அந்த ஆண்டில் இது உம்முடைய அத்தாவின் வண்டியே அன்று. யாரோ ஒருவருடைய வண்டி. அதை மீட்டெடுத்தால் அத்தாவின் கைபட்ட யாவும் போய்விடுமே!” என்றோம். அவர் விடை சொல்லவில்லை. இளையவர் புன்னகைத்தார். அவரை நோக்கி, “உம்முடைய படத்திலோ அத்தாவும் இல்லை, ஆலையும் இல்லை, நீர் மட்டுமே இருக்கிறீர்” என்றோம். அப்புன்னகையும் மறைந்தது.

எல்லாம் மாறியபின்னும் ஒரு பொருளை ‘அதுவே’ என்று எப்படிச் சொல்கிறோம்? இக்கேள்வி நமக்குப் புதிதன்று. புனித கஅபாவை எண்ணிப் பாருங்கள். ஓர் இயந்திரத்தை அதனோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று, அல்லாஹ் காப்பானாக. அதன் வரலாற்றிலிருந்து பாடம் கற்பதே நோக்கம். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் எழுப்பிய அவ்வில்லத்தை, அண்ணல் நபிகளார் (ஸல்) அவர்களின் முப்பத்தைந்தாம் வயதளவில் குறைஷிகள் புதுக்கிக் கட்டினர். ஹிஜ்ரீ 64க்குப் பின் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள், நாயகத்தின் விருப்பத்தை அன்னை ஆயிஷா (ரலி) வாயிலாகக் கேட்டறிந்து, இப்ராஹீம் நபியின் அடித்தளத்தின் மீது விரித்துக் கட்டினர். ஹிஜ்ரீ 74ஐ ஒட்டி ஹஜ்ஜாஜ் அதை மீண்டும் குறைஷிகளின் அமைப்புக்கே கொணர்ந்தார். பின்னர் அப்பாஸியக் கலீஃபா ஒருவர் மறுபடி மாற்ற எண்ணியபோது, இறையில்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடக் கூடாதென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1630இல் பெருவெள்ளத்தால் சுவர்கள் சரிந்தபின், உதுமானிய சுல்தான் நான்காம் முராதின் காலத்தில் அது மீண்டும் எழுப்பப்பட்டது. கற்கள் மாறின, அளவும் மாறியது, கஅபா மாறவில்லை. ஏன்? அடித்தளமும், அதை நோக்கும் முகங்களும், அதற்கும் அடியார்களுக்கும் உள்ள கடமைத் தொடர்பும் மாறவில்லை.

அஷ்அரீ வழி வந்த கலாம் அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். பொருள்களின் பண்புகள் இரு கணங்கள் தொடர்ந்து நிற்பதில்லை என்றும், இறைவனே அவற்றைக் கணந்தோறும் புதிதாய்ப் படைத்துக்கொண்டிருக்கிறான் என்றும் அவர்கள் கூறினர். இதன் நுட்பங்களை ஆராய்வது இங்கே நம் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கிய ஒருவன், இன்று தலை நரைத்து, பல் விழுந்து, உடல் தளர்ந்து வேறு உருவமாய் நிற்கிறான். “அன்று வாங்கியவன் நானல்லேன், அவன் உடலில் ஒரு பகுதியும் என்னிடம் இல்லை” என்று அவன் காதியின் முன் சொன்னால் ஏற்பார்களா? மாட்டார்கள். அவனை அவனென்று காட்டிக்கொடுப்பது சதையும் எலும்புமல்ல. அவன் தோளில் உள்ள கடன். உருவம் மாறினும் உரிமைகள் மாறுவதில்லை. மனிதர்க்கும் பொருள்களுக்கும் தொடர்ச்சி தருவது அவற்றில் தங்கியுள்ள ‘ஹக்கு’களே.

இதைச் சொன்னபோது சகோதரர் இருவரும் தலையசைத்தனர். நமக்கும் நம் சொல் இனித்தது. அச்சொல் நம்மையே திருப்பிக் கேட்கப் போகிறது என்பதை அப்போது அறிந்தோமில்லை.

பிறகு இளையவரின் மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். மாற்றம் என்பதனாலேயே ஒன்று விலக்கப்பட்டதாகிவிடாது. நலனுக்கான மாற்றமும் உண்டு. பகட்டுக்கான மாற்றமும் உண்டு. தீங்கான மாற்றமும் உண்டு. நன்றாக நிற்கும் பிரேக்கும் நன்றாக எரியும் விளக்கும் நலனைச் சேர்ந்தவை. முழங்கும் சைலன்சரோ அவ்வாறன்று. தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கும், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும், பள்ளியில் கைகட்டி நிற்பவருக்கும் அது தீங்கு. மேற்கே மலையடிவாரம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வாயில்லா உயிர்களுக்கும் அமைதியில் உரிமை உண்டு. பிறர்க்குத் தீங்கிழைக்காமை நம் சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றன்றோ!

நாட்டுச் சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்றும் பதிவு விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. எனவே டிஸ்க் பிரேக் போன்ற நல்ல மாற்றமாயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியாமல் செய்தலாகாது. மூத்தவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, அமைப்பு மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண் வரிசையில் பதிய 2021 ஜூலையில் விதி வந்தது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட இயலாது. கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், எரிபொருள் நிரப்பவும், பழுது பார்க்கவுமே சாலைக்குக் கொண்டுவரலாம். தூய்மையைக் காக்கப் புகுந்தால் பயன் குறைகிறது. அவர் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம் என்றோம். ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்பதற்காகப் புதுப் பாகங்களுக்குப் பழைய முத்திரை குத்துவதும், எஞ்சின் எண்ணை அராவி மாற்றுவதும் கலப்பட வணிகத்தைச் சேர்ந்த பாவங்கள் என்பதையும் இருவருக்கும் எச்சரித்தோம்.

அடுத்தது செலவு. பட்டறையில் கேட்டபோது ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாது என்றார்களாம். “இது இஸ்ராஃப் ஆகுமா ஹஜ்ரத்?” என்று மூத்தவரே கேட்டார். நல்ல கேள்வி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘முஸ்தஸ்ஃபா’ என்னும் நூலில் மனித நலன்களை மூன்றாக வகுத்தார்கள்: இன்றியமையாதவை, தேவையானவை, அழகூட்டுபவை. பொழுதுபோக்காக ஒரு வண்டியைச் செப்பனிடுவது மூன்றாம் வகையைச் சேரும். அழகூட்டுதலை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் அது முதலிரண்டின் வயிற்றிலடித்து வாழலாகாது. பிள்ளையின் கல்விக் கட்டணமும் வீட்டாரின் மருந்தும் நிற்க, டாங்குக்குக் குரோமியம் பூசினால் அது வீண்விரயம். அவை நிறைந்தபின் மிஞ்சுவதில் செய்தால் ஆகுமான செயல். நிய்யத்தின் அளவில் நற்செயலும் ஆகலாம்.

கைத்தொழிலை இழிவாக எண்ணுவாரும் நம்மில் உண்டு. இரும்பை இளக்கும் ஆற்றலும் கவசத்தின் கண்ணிகளை அளவறிந்து பின்னும் கலையும் நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் அளித்த அருள்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள். மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்குவது கிராங்க். கிராங்கையும் பிஸ்டனையும் கொண்டு நீரேற்றும் இயந்திரங்களை 1206ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விளக்கி வரைந்தவர் தியார்பக்ரில் வாழ்ந்த அல்ஜஸரீ. உளூச் செய்ய நீர் வார்க்கும் பொறியும் அந்நூலில் உண்டு; அரசவையை மகிழ்விக்கும் பொறிகளும் உண்டு. துருப்பிடித்த நட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒருநாள் காத்திருப்பவன் பொறுமையைக் கற்கிறான். கண்ணுக்குத் தெரியாத உட்பாகத்தையும் செம்மையாய்ப் பூட்டுபவன் ‘இஹ்ஸானை’க் கற்கிறான். இவ்வாறு பலவும் எடுத்துச்சொல்லி, “இருவரும் கலந்து, அத்தாவின் கைவேலைகளைக் காத்து, தீங்கற்ற மாற்றங்களை மட்டும் செய்யுங்கள்” என்று முடித்தோம். இருவரும் முஸாஃபஹா செய்து விடைபெற்றனர். தீர்ப்பு நன்றாய் அமைந்ததென்று நமக்கு மனநிறைவு.

இரவு உணவின்போது வீட்டாரிடம் இதைச் சொல்லி மகிழ்ந்தோம். அவர்கள் பொறுமையாய்க் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: “அவங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டே, கடையநல்லூர்ல கொடுத்திருக்கு. அந்தப் புள்ளையையும் அவங்க அம்மாவையும் யாராச்சும் கேட்டீங்களா?”

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

வாசக அன்பர்களே, ‘சிராஜிய்யா’ என்னும் வாரிசுரிமை நூலை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். அதுமட்டுமன்று, அந்த அன்பர் மறைந்தபின் அவருடைய வீட்டையும் தோப்பையும் பங்கிட்டு எழுதிக் கொடுத்தவரும் நாமே. அப்பட்டியலில் வண்டி இல்லை. அன்று அது பழைய இரும்பு. எவரும் அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பழைய புல்லட்டுகளுக்கு மதிப்பு ஏறிய இந்நாளில் அது சொத்தாகிவிட்டது. இல்லை, அன்றும் அது சொத்தே; நம் கண்ணுக்குத்தான் இரும்பாய்த் தெரிந்தது. பதிவுச் சான்றும் இறந்தவர் பெயரிலேயே கிடந்தது. பிறர் பொருளைச் செப்பனிடுவது பற்றி, உடையவரைக் கேளாமலே, கஅபாவின் வரலாறு முதல் கலாம் வரை ஒரு மாலை முழுதும் பேசியிருக்கிறோம்! உருவம் மாறினும் உரிமைகள் மாறுவதில்லை என்று சொன்ன வாய், அவ்வுரிமை யாருடையதென்று கேட்க மறந்தது. பெண்மக்களின் பங்கை மறுப்பவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று இதுகாறும் நினைத்திருந்தோம். கவனியாமை ஒன்றே போதும் என்பதை அன்றிரவு அறிந்தோம்.

உறக்கம் வரவில்லை. பகலில் நாம் பாதி மட்டும் சொன்ன வரலாறு முழுவதுமாய் நினைவுக்கு வந்தது. குறைஷிகள் கஅபாவைப் புதுக்கியபோது, வட்டிப் பணமோ அநியாயமாய்ப் பறித்த பணமோ அதில் கலக்கக் கூடாதென்று முடிவு செய்தனர். தூய பணம் போதவில்லை. ஆகவே ஒரு பகுதியைக் கட்டாமல், வெளியே விட்டு, அதைச் சுற்றி அரைவட்டச் சுவர் மட்டும் எழுப்பினர். இன்று ஹாஜிகள் ‘ஹதீம்’ என்று காண்பது அதுவே. சிலைகளை வணங்கிய அம்மக்கள்கூடப் பிறர் உரிமை கலந்த முழுமையைவிடத் தூய்மையான குறையே மேல் என்று துணிந்தார்கள். ஹஜருல் அஸ்வதைப் பதிப்பது யார் என்று குலங்கள் வாளெடுக்க இருந்த வேளையில், நாயகம் (ஸல்) அவர்கள் செய்த தீர்வும் நினைவுக்கு வந்தது. துணியை விரித்துக் கல்லை அதில் வைத்தார்கள். உரிமை கோரிய குலங்கள் யாவும் துணியின் ஓரங்களைப் பிடித்துத் தூக்கின. நாம் தீர்த்துவைத்த வழக்கில் துணியின் இரண்டு ஓரங்களை மட்டுமே பிடிக்கச் செய்து, மற்ற இரண்டையும் தரையில் விட்டுவிட்டோம்.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் நாமே அவ்வீட்டுக்குச் சென்றோம். நம் தவற்றை முதலில் ஒப்புக்கொண்டோம். வண்டியை உள்ளது உள்ளபடி விற்றால் 80,000 ரூபாய் பெறும் என்று இராசபாளையத்துப் பழைய வண்டி வியாபாரி ஒருவர் மதித்தார். மறைந்தவருக்குக் கடனோ வஸிய்யத்தோ மிச்சமில்லை. நாற்பது பங்கு என்று வைத்தால், மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய ஐந்து, மீதி முப்பத்தைந்தில் ஆண்மக்களுக்குத் தலைக்குப் பதினான்கு, மகளுக்கு ஏழு. ஆக, தாயாருக்கு 10,000 ரூபாய். மகளுக்கு 14,000 ரூபாய். ஆண்மக்களுக்குத் தலைக்கு 28,000 ரூபாய்.

“தங்கச்சி ஒண்ணும் கேக்காது ஹஜ்ரத், விட்டுக் குடுத்துரும்” என்றார் இளையவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னார். நம் வீடுகளில் இந்த ‘விட்டுக்கொடுத்தல்’ எப்படி நடக்கிறது என்பதை அறியாதார் யார்? பிறந்த வீட்டு வாசல் மூடிவிடுமோ என்னும் அச்சத்தில் ஒரு பெண் சொல்லும் ‘வேண்டாம்’ எப்படி மனமொப்பிய சொல்லாகும்? மேலும் ஹனஃபி மத்ஹபின்படி, கண்ணெதிரே நிற்கும் ஒரு பொருளிலுள்ள பங்கை வெறுமனே ‘விட்டேன்’ என்று சொல்வதால் அது நீங்குவதில்லை. அது நன்கொடையாகவோ உடன்படிக்கையாகவோ முறைப்படி நிகழவேண்டும். ஆதலால், “முதலில் பணத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கைக்கு வந்தபின் அது அவருடைய பொருள். வைத்துக்கொள்வதும் தருவதும் அவர் விருப்பம். தருவார் என்று எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள்” என்றோம்.

இருவரும் கடையநல்லூர் சென்று கொடுத்தனர். தங்கை வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை. அதனால் அண்ணன்மாருக்கு முதலில் சிறிது வருத்தம் இருந்ததை நாம் மறைக்கப் போவதில்லை. உரிமையை உடையவரிடம் சேர்ப்பது கொடையன்று. அதற்கு நன்றியை எதிர்பார்ப்பதும் முறையன்று என்பதை அவர்கள் பைய உணர்ந்தார்கள்.

தாயாரைக் கேட்டபோது, அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, தம் பங்கின் பேரால் ஒரு சொல்லும் சொன்னார். வண்டியின் இடப்புறத்தில் பின்சக்கரத்தை மறைத்து ஒரு கம்பிக் காப்பு உண்டு. பட்டறையில் ‘சாரி கார்டு’ என்பார்கள். மணமான புதிதில், சேலை சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாதென்று அன்பர் தம் மனைவிக்காகப் பூட்டியது அது. 1968 அமைப்பில் இல்லை என்று மூத்தவர் அதைக் கழற்ற எண்ணியிருந்தார். அழகு கெடுகிறது என்று இளையவரும் கழற்ற எண்ணியிருந்தார். இருவர் கட்சியும் ஒத்துப்போன இடம் அது ஒன்றே! “அதை மட்டும் கழட்டிராதீங்கப்பா” என்றார் தாயார். பழமையைக் காப்பவரும் புதுமையைப் புகுத்துபவரும் ஒருங்கே மறந்த ஒன்றை, பங்காளியாகிய ஒரு மூதாட்டி நினைவூட்டினார். கேட்டிராவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

பங்குகளைக் கொடுத்ததில் செப்பனிடும் பணம் குறைந்தது. எனவே எஞ்சினும் பிரேக்கும் விளக்கும் மட்டும் ஒழுங்காயின. குரோமியம் பூசவில்லை. டாங்கிலுள்ள நசுங்கல் அப்படியே இருக்கிறது. முழங்கும் சைலன்சரும் வரவில்லை. பதிவுச் சான்று முறைப்படி மூத்தவர் பெயருக்கு மாற்றப்பட்டது. ஓட்டும் உரிமையில் தம்பிக்கும் சமபங்கு என்று எழுதிக்கொண்டார்கள். அரபிச் சொல்லின் கிளைகளை நாம் மாணவர்க்கு ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காட்டி வந்தோம். அவ்வீட்டில் அவற்றைப் பிரிக்க இயலவில்லை. பங்கு சேராமல் பிணக்குத் தீரவில்லை; பிணக்குத் தீராமல் பழுதும் தீரவில்லை.

நம் வீடுகளில் இன்னும் எத்தனையோ தொழுவங்கள் உண்டு. அவற்றின் மூலைகளில் பழைய தையல் இயந்திரமும், நின்றுபோன கடிகாரமும், பித்தளை அண்டாவும், துருவேறிய வண்டிகளும் கிடக்கின்றன. அவற்றைத் துடைத்து, எண்ணெயிட்டு, உயிர்ப்பிக்க விரும்பும் இளைஞர்களை நாம் வாழ்த்துகிறோம். அது நல்ல பொழுதுபோக்கு; நல்ல பயிற்சியுங்கூட. ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருடையது? அந்தக் கேள்வியைக் கேட்க மறந்த முதல் ஆள் நாமே என்பதால் துணிந்து சொல்கிறோம்.

சென்ற ஈகைத் திருநாளன்று தங்கை பிறந்தகம் வந்திருந்தார். தொழுகை முடிந்து நாம் திரும்பும் வழியில் அந்தப் பழைய ஓசை கேட்டது. மூத்தவர் ஓட்ட, பின்னால் தாயார் ஒருபுறமாய் அமர்ந்து, கம்பிக் காப்பின் மேல் சேலையை ஒதுக்கிக்கொண்டு போனார். வல்ல அல்லாஹ் நம் பழுதுகளையும் நீக்குவானாக. பிறர் பங்கை நம்மிடம் தங்க விடாதிருப்பானாக. ஆமீன்.